என் டிராம்போன் ஏன் எப்போதும் ஷார்ப்பாகவே நின்றது

"உன் டிராம்போன் எப்பவுமே சுருதிக்கு மேலயே நிக்குதும்மா" என்று கீபோர்டு வாசிக்கும் அண்ணன் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. டிராம்போன் என்பது ஸ்லைடு என்ற நீளக் குழாயைக் கையால் நீட்டிச் சுருக்கிச் சுரம் மாற்றும் பித்தளை ஊதுகருவி. சுருதிக்கு மேலே நிற்பதை ஷார்ப் என்றும் கீழே நிற்பதை ஃபிளாட் என்றும் சொல்வோம். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் சர்ச் பேண்டில் அப்போது நான் வாசிக்கத் தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. மூன்று வருடம் சர்ச்சின் பழைய டிராம்போனில் வாசித்துவிட்டு, சம்பளத்தில் சேர்த்து வைத்த பணத்தில் மீரட்டில் செய்த புது டிராம்போன் ஒன்றை வாங்கியிருந்தேன். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அன்று இரவே போனில் சுருதி அளக்கும் டியூனர் ஆப் ஒன்றைப் போட்டு வாசித்துப் பார்த்தேன். மிடில் சி-க்குக் கீழே இருக்கும் பி ஃபிளாட் 20 சென்ட் மேலே காட்டியது. மிடில் சி-க்கு மேலே உள்ள எஃப் 35 சென்ட் மேலே. ஓர் அரைச் சுரத்துக்கு 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், மூன்றில் ஒரு பங்கு தள்ளி நின்று பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். சபையில் பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் அது கேட்டிருக்கும்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். டியூனிங் ஸ்லைடை (சுரம் மாற்றும் ஸ்லைடு அல்ல, மொத்தச் சுருதியையும் சரிசெய்யும் தனி வளைவு) வெளியே இழுத்தேன். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது. பி ஃபிளாட் டெனர் டிராம்போனின் குழாய் மொத்தம் ஏறத்தாழ 2.7 மீட்டர். டியூனிங் ஸ்லைடு வளைந்த குழாய் என்பதால் 1 செ.மீ. இழுத்தால் நீளம் 2 செ.மீ. கூடும், சுருதி சுமார் 12 சென்ட் இறங்கும். நான் 2 செ.மீ. இழுத்தேன். பி ஃபிளாட் சரியாக வந்தது. அந்த ஞாயிறு ஆராதனையில் அண்ணன் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

மூன்று வாரத்தில் பழைய நிலை. டியூனிங் ஸ்லைடு அதே 2 செ.மீ.யில்தான் இருக்கிறது, டியூனர் மறுபடி 15, 20 என்று காட்டுகிறது. இன்னும் 1 செ.மீ. இழுத்தேன். அதற்கும் சில நாள்தான் மரியாதை.

இந்த நேரத்தில்தான் மாஸ்டரிடம் போனேன். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவின் பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர். பச்மரியில் உள்ள ராணுவ இசைப் பள்ளியில் படித்தவர். சனிக்கிழமை சாயந்திரங்களில் வீட்டு மாடியில் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

அவர் டியூனரையே பார்க்கவில்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மேலே உள்ள எஃப்பை ஊதச் சொன்னார். நான் ஊதினேன். எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, என் ஸ்லைடின் கைப்பிடியை அவர் பிடித்துக்கொண்டார். "நீ ஊது, ஸ்லைடை நான் பாத்துக்கறேன்" என்றார். ஊதிக்கொண்டே இருக்கும்போது ஸ்லைடை மெதுவாக, நகத்தின் அகலம் அளவுக்கு வெளியே தள்ளினார். சுரம் இறங்க வேண்டும். இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். அப்போதும் அதே இடம், ஆனால் ஒலி மெலிந்து, மூக்கால் பேசுவதுபோல ஆகிவிட்டது. பிறகு சட்டென்று ஒரேயடியாக இறங்கியது.

"கவனிச்சியாம்மா? கை இறக்குது, உதடு ஏத்துது. நீ எவ்வளவு இழுத்தாலும் உன் உதடு அதைத் திரும்பி மேல கொண்டுபோயிடும்."

பித்தளைக் கருவிகளில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் இருக்கை உண்டு. குழாயின் நீளத்துக்கு எந்த இடத்தில் காற்று சுலபமாக அதிருமோ அந்த இடம். அந்த இருக்கையின் நடுவில் உட்கார்ந்தால் ஒலி அகலமாக, கொழுகொழுவென்று வரும். உதட்டை இறுக்கி மேல் விளிம்பில் உட்கார்ந்தாலும் சுரம் வரும், ஆனால் ஷார்ப்பாக, ஒல்லியாக வரும். நான் எல்லாச் சுரத்தையும் மேல் விளிம்பில் உட்கார்ந்துதான் ஊதிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்ட பிறகுதான் யோசித்தேன். சர்ச்சின் பழைய டிராம்போனில் டியூனிங் ஸ்லைடு பாதி வெளியே வந்த நிலையில் களிம்பேறி இறுகிப்போயிருந்தது. யாராலும் அசைக்க முடியவில்லை. அதனால் அந்தக் கருவி எப்போதும் இறங்கியே ஒலிக்கும். கற்றுக்கொண்ட முதல் மூன்று வருடம் கீபோர்டோடு சேர்வதற்காக உதட்டைக் கடித்து, மவுத்பீஸை முகத்தில் அழுத்தி, ஒவ்வொரு சுரத்தையும் மேலே தூக்கியிருக்கிறேன். சரியான கருவி கைக்கு வந்த பிறகும் உதடு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. எத்தனையோ பிள்ளைகள் இப்படிப் பழுதான கருவியில்தான் கற்கத் தொடங்குகிறார்கள். சுருதி ஏறுகிறது என்று அவர்களைத் திட்டுவதற்கு முன்னால் அவர்கள் எந்தக் கருவியில் படித்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

சரி, எப்படிச் சரிசெய்தேன்? மாஸ்டர் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்று. பி ஃபிளாட்டை ஊது. ஸ்லைடை அசைக்காமல் உதட்டை மட்டும் தளர்த்திச் சுரத்தை வளைத்துக் கீழே கொண்டு போ. ஒலி மங்கும் வரை போ. அப்புறம் மெதுவாக மேலே வா. வரும் வழியில் ஓர் இடத்தில் ஒலி திடீரென்று மலரும், பெல் (குழாயின் விரிந்த வாய்) கையில் அதிர்வது தெரியும். அங்கேயே நில், அதற்கு மேல் ஏறாதே. அந்த இடம் கீபோர்டுக்குச் சேர்கிறதா இல்லையா என்று இப்போது பார்க்காதே. இடம் பழகிய பிறகு டியூனிங் ஸ்லைடை அதற்குத் தகுந்தபடி வை.

முதல் வாரம் எனக்கு எல்லாமே ஃபிளாட்டாகக் கேட்டது. காது அந்த ஏறிய சுருதிக்கே பழகியிருந்தது. டியூனரைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உதடு முள்ளைத் துரத்த ஆரம்பித்துவிடும் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு ஊதி, ஒலி நிலைத்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது அவர் விதி. தினம் இருபது நிமிடம். மூன்றாவது மாதம் டியூனிங் ஸ்லைடு சுமார் 1 செ.மீ. இழுத்த நிலையில் பி ஃபிளாட் தானாக நடுவில் நின்றது. அதற்குப் பிறகு அது ஏறவில்லை.

இடையில் மவுத்பீஸையும் மாற்றினேன். கருவியோடு வந்தது மிக ஆழம் குறைந்தது. கிண்ணம் சின்னதாக, மேலோட்டமாக இருந்தால் சுருதி ஏறும், அதுவும் மேல் சுரங்களில் அதிகமாக. 6½ஏஎல் அளவில் ஒன்று வாங்கினேன். டெனர் டிராம்போனுக்கு மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு அது. எஃப் உடனே கொஞ்சம் அடங்கியது. வாங்கும்போது அதன் தண்டு உங்கள் கருவியின் துளைக்குப் பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள். சின்னத் தண்டு, பெரிய தண்டு என்று இரண்டு அளவு உண்டு.

அந்த எஃப் பற்றி இன்னொன்று. உதடு சரியான பிறகும் அது பல டிராம்போன்களில் முதல் பொசிஷனில் (ஸ்லைடு நிற்கும் ஏழு இடங்களில் மிக உள்ளே இருப்பது) சற்று ஷார்ப்பாகவே வரும். அதைக் கையால்தான் இறக்க வேண்டும், ஸ்லைடை 1 செ.மீ. போல வெளியே வைத்து. அதற்கு மேலே உள்ள ஜி நேர் எதிர். இரண்டாம் பொசிஷனில் அது ஏழாவது ஹார்மானிக் (குழாய் நீளம் மாறாமலே கிடைக்கும் சுர வரிசையில் ஏழாவது), இயல்பிலேயே 31 சென்ட் இறங்கியது. ஸ்லைடைச் சுமார் 2.5 செ.மீ. உள்ளே இழுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சுரம், ஒன்றுக்கு வெளியே, ஒன்றுக்கு உள்ளே. இது தெரியாமல் எஃப், ஜி, எஃப் என்று ஊதினால் உதடுதான் இரண்டையும் சமாளிக்கப் பார்க்கும், பழைய வியாதி திரும்பும்.

கீழ்ச் சுரங்களில் என் தவறு வேறு. எனக்கு உயரம் ஐந்தடி, கையும் அதற்கேற்ற நீளம். முதல் பொசிஷனிலிருந்து இரண்டாவது ஏறக்குறைய 8 செ.மீ. மூன்றாவது 16.5, நான்காவது 25.5, ஐந்தாவது 35, ஆறாவது 45, ஏழாவது 56. போகப்போக இடைவெளி கூடிக்கொண்டே போவதைப் பாருங்கள். எல்லா இடைவெளியும் ஒரே அளவு என்று கை நினைத்துக்கொண்டிருந்தால் ஐந்துக்கு அப்புறம் ஒவ்வொன்றும் குட்டையாகி, சுரம் ஷார்ப்பாகிவிடும். கீழ் சி ஆறாவதில் வரும். நான் நின்றது 42 செ.மீ.யில், அதாவது 30 சென்ட் போல மேலே. இதை மாஸ்டர் வீட்டில் தையல் டேப் வைத்து அளந்தோம்.

இதற்கு டியூனர்கூடத் தேவையில்லை. மிடில் சி-க்குக் கீழே உள்ள எஃப் முதல் பொசிஷனிலும் வரும், ஆறாவதிலும் வரும். முதலில் ஒன்றில் ஊதி, உடனே ஆறாவதுக்குப் போய் அதே எஃப்பை ஊதுங்கள். ஆறாவதில் ஊதியது மேலே கேட்டால் கை போதவில்லை என்று அர்த்தம். என் விஷயத்தில் தோளைச் சற்று முன்னால் விட்டு, கைப்பிடியை முழு உள்ளங்கையால் பிடிக்காமல் விரல் நுனிகளால் பிடித்த பிறகு அந்த 3 செ.மீ. கிடைத்தது. ஏழாவது எனக்கு இன்றும் எட்டுவதில்லை. கை குட்டையாக இருப்பவர்கள் வசதி இருந்தால் எஃப் வால்வு வைத்த டிராம்போன் வாங்கலாம். கட்டை விரலால் வால்வை அழுத்தினால் கீழ் சி முதல் பொசிஷனிலேயே கிடைக்கும்.

இதெல்லாம் முடிந்து டியூனரில் எல்லாச் சுரமும் பச்சையாக வந்த சமயம்தான் புதிதாக ஒரு குழப்பம். பாஸ்கா காலத்தில் கீபோர்டு இல்லாமல் பித்தளைக் கருவிகள் மட்டும் வாசிக்கும் ஒரு கீதம். கடைசி பி ஃபிளாட் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டில்) என் பங்கு டி. டியூனரில் பார்த்துப் பழகிய அதே டி. இருந்தும் பக்கத்தில் நின்ற டிரம்பெட் தம்பி, "அக்கா, கொஞ்சம் ஷார்ப்பா இருக்கு" என்றான்.

விடை என் மேல் வீட்டு மாமியிடமிருந்து வந்தது. அவர் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். நான் டியூனரோடு மல்லுக்கட்டுவதைத் தினமும் கேட்டுவிட்டு, ஒரு நாள் தன் எலக்ட்ரானிக் தம்புராவோடு இறங்கி வந்தார். "பி ஃபிளாட்னா ஆறரைக் கட்டை. இதை வெச்சுண்டு வாசியேன், காது தானா சொல்லும்" என்றார். தம்புராவில் பஞ்சமமும் சட்ஜமும்தான் மீட்டப்படும், ஆனாலும் சுருதி நன்றாகச் சேர்ந்திருந்தால் அதற்குள் அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்று அதைச் சொல்வார்கள். ஆறரைக் கட்டைக்கு அந்தர காந்தாரம் எது? என்னுடைய டி தான்.

டியூனரை அணைத்துவிட்டு, தம்புராவை ஓடவிட்டு, முதல் பொசிஷனில் டி ஊதினேன். ஸ்லைடைப் பழகியபடி உள்ளே வைத்தபோது ஒலியில் ஓர் அலை கேட்டது, நொடிக்கு இரண்டு மூன்று முறை உவ்-உவ்-உவ் என்று. ஸ்லைடை மெல்ல வெளியே விட விட அலை மெதுவானது, ஓரிடத்தில் நின்றே போனது. டியூனரைப் போட்டுப் பார்த்தால் 14 சென்ட் ஃபிளாட்.

கணக்கு இதுதான். டி என்பது பி ஃபிளாட் குழாயின் ஐந்தாவது ஹார்மானிக். குழாய் தரும் டி, தம்புரா தரும் காந்தாரம், பித்தளைக் கருவிகள் கூடி ஒலிக்கும்போது காது தேடும் மூன்றாம் சுரம், மூன்றும் ஒன்றே. கீபோர்டின் டி அதைவிட 14 சென்ட் உயரம், ஏனென்றால் கீபோர்டில் பன்னிரண்டு அரைச் சுரங்களும் சம இடைவெளியில் வைக்கப்பட்டவை. ஆகவே கீபோர்டு வாசிக்கும்போது இந்த டி-யைச் சுமார் 1 செ.மீ. உள்ளே இழுக்க வேண்டும். பித்தளைக் கார்டில் மூன்றாம் சுரமாக வந்தால் இழுக்காமல் விட்டுவிட வேண்டும். ஒரே பாட்டில் இதே டி ஜி கார்டின் ஐந்தாம் சுரமாக வந்தால் மறுபடி இழுக்க வேண்டும். டியூனர் ஒரு சுரத்தைத்தான் பார்க்கும், அந்தச் சுரம் யாரோடு நிற்கிறது என்று அதற்குத் தெரியாது.

உள்ளே இழுக்க இடம் வேண்டுமே? இதற்காகத்தான் இப்போது நான் முதல் பொசிஷனை முட்டும் வரை உள்ளே வைப்பதில்லை. ஸ்லைடு 1 செ.மீ. வெளியே இருக்கும்போது பி ஃபிளாட் சரியாக வருமாறு டியூனிங் ஸ்லைடை அதற்கேற்ப உள்ளே தள்ளி வைத்துக்கொள்கிறேன். அப்போது முதல் பொசிஷன் சுரங்களையும் ஏற்றவோ இறக்கவோ கைக்கு வழி இருக்கும். மாஸ்டர் இதை முதல் நாளே சொல்லியிருந்தார். எனக்கு அன்று அதன் அருமை தெரியவில்லை.

குளிர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் பெங்களூரு இரவு 16 டிகிரிக்கு இறங்கும். கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனைக்கு முன்னால் வெளியே முற்றத்தில் நின்று டியூன் செய்வோம். குழாய் சில்லென்று இருக்கும், சுருதி இறங்கியிருக்கும், எல்லாரும் டியூனிங் ஸ்லைடை உள்ளே தள்ளுவோம். அரை மணி கழித்து உள்ளே ஐந்நூறு பேர், விளக்கு, மெழுகுவர்த்தி, நம் மூச்சுச் சூடு. காற்று 1 டிகிரி சூடானால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும் என்பது இயற்பியல். குழாய்க்குள் நம் மூச்சு ஏற்கெனவே சூடாக இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு ஏறாது, ஆனால் காதுக்குத் தெரியும் அளவு ஏறும். கீபோர்டு அசையாமல் அங்கேயே நிற்கும். இப்போது நாங்கள் உள்ளே வந்து, பத்து நிமிடம் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் சூடான மூச்சை விட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம்தான் டியூன் செய்கிறோம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் சுருதி ஏறுகிறது என்று ஒருவர் என்னிடம் உறுதியாகச் சொன்னார். அது சரியல்ல. காற்றழுத்தம் குறைந்தாலும் ஒலியின் வேகம் மாறாது, வெப்பம்தான் அதை மாற்றும்.

வாசிப்பவர் மேல் எந்தத் தவறும் இல்லாத ஒன்றையும் பார்த்தேன். போன வருடம் எங்கள் பேண்டில் சேர்ந்த ஒரு தம்பி கேஜிஎஃப்காரன். அவன் தாத்தா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே அங்கே சர்ச்சில் வாசித்த டிராம்போனைக் கொண்டு வந்தான். இங்கிலாந்தில் செய்தது, குழாய் ஒல்லியானது. பயல் நன்றாக ஊதுகிறான், உதட்டில் இறுக்கம் இல்லை, ஒலி மலர்ந்து வருகிறது, ஆனால் கிட்டத்தட்ட கால் சுரம் ஷார்ப். மாஸ்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டார். இங்கிலாந்தின் பித்தளை பேண்டுகள் 1960கள் வரை ஏ சுரத்தை ஏறக்குறைய 452 ஹெர்ட்ஸில் வைத்து வாசித்து வந்தன. இன்று பெரும்பாலும் 440. வித்தியாசம் சுமார் 48 சென்ட். அந்தக் கருவி சரியாகத்தான் இருந்தது, அது பிறந்த காலத்துச் சுருதியில்.

டியூனிங் ஸ்லைடைக் கிட்டத்தட்ட 4 செ.மீ. இழுத்தால் 440 வந்தது, ஆனால் அந்த நிலையில் ஸ்லைடு கழன்று விழப் பார்த்தது. சிவாஜிநகரில் பேண்டு வாத்தியங்கள் பழுது பார்க்கும் பாய் ஒருவர் அதே விட்டத்தில் குழாய்த் துண்டுகள் வெட்டி, டியூனிங் ஸ்லைடின் இரண்டு காலிலும் பற்றவைத்து நீட்டித் தந்தார். அந்தக் காலத்தில் சுருதி மாறியபோது இங்கிலாந்திலேயே பல கருவிகளை இப்படித்தான் நீட்டினார்களாம். தம்பி இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வாசிக்கிறான்.

அந்த பாயிடமே சர்ச்சின் பழைய டிராம்போனையும் கொண்டுபோனேன். இறுகிய டியூனிங் ஸ்லைடின் இரண்டு காலிலும் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, சின்னத் தீயில் லேசாகச் சூடு காட்டி, மர உருளையால் தட்டித் தட்டிக் கழற்றினார். நீங்களாகக் குறடு போட்டு இழுத்துவிடாதீர்கள், குழாய் முறுக்கிக்கொள்ளும். உள்ளே பச்சைக் களிம்பு திட்டுத் திட்டாக இருந்தது. துடைத்துத் தேய்த்து, வாஸ்லின் தடவிப் போட்டதும் ஒரு விரலால் தள்ள உள்ளே போய்விட்டது. மூன்று வருடம் என் உதடு செய்த வேலை அந்த 3 செ.மீ.

இப்போது அதில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கற்றுக்கொள்கிறாள். மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பின்னறைக்குக் கொண்டுபோய், டியூனிங் ஸ்லைடை முழுசாக வெளியே எடுத்து, துணியால் துடைத்து, புது வாஸ்லின் தடவுகிறோம். அப்புறம் அவள் கண்ணை மூடிக்கொண்டு பி ஃபிளாட் ஊதுவாள், ஸ்லைடை நான் பிடித்துக்கொள்வேன்.